திங்கட்கிழமை அவனுக்கு, ஞாயிறு மாலை உங்களுக்கு

கேள்வி: நாங்கள் அரிசோனாவில் சாண்ட்லரில் இருக்கிறோம். ஊர் கும்பகோணம் பக்கம். ஒரே பையன், வயது 20. பள்ளிக்கூட நண்பர்களோடு அவர்களுடைய மார்மன் சபைக்கு (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபை) போக ஆரம்பித்தவன், கல்லூரி முதல் வருஷத்தில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். முதலில் காபியை நிறுத்தினான். நாங்கள் ஏதோ டயட் என்று நினைத்தோம். இப்போது படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு இரண்டு வருஷம் பிலிப்பைன்ஸில் செபு பக்கம் மிஷனரியாகப் போகப்போகிறான். ஆகஸ்டில் கிளம்புகிறான். சபையிலிருந்து மிஷன் அழைப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து என் கணவர் அவனோடு பேசுவதில்லை. போன பிறகு போன் வந்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறார். என் பிள்ளையை மூளைச்சலவை செய்துவிட்டார்களா? அங்கே வாரம் முழுக்க என்னதான் செய்வான்? எங்களோடு பேச விடுவார்களா? தடுக்க வழி உண்டா? ஊரில் மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சகோதரி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். உங்கள் மகன் போகிற இடத்தில் பெண் மிஷனரிகளை அப்படித்தான் அழைப்பார்கள். நான் நம் ஊர்ப் பத்திரிகை வழக்கப்படி எழுதினேன், வேறொன்றும் இல்லை. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் அல்ல. ஆனால் மேசாவில் பல வருஷமாகக் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். 1927-லிருந்து அவர்களுடைய கோவில் இருக்கும் ஊர் அது. மிஷன் போகிற பிள்ளைகள், போய்த் திரும்பியவர்கள், பாதியில் திரும்பியவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் என்று யாராவது என் எதிரே உட்கார்ந்து அழாத மாதம் இல்லை.

அவனுடைய வாரத்திலிருந்து தொடங்குகிறேன். அது தெரிந்தால் உங்கள் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

உங்களுக்கு முக்கியமான நாள் திங்கட்கிழமை. பெரும்பாலான இடங்களில் அதுதான் மிஷனரிகளுக்கு ஆயத்த நாள். ‘பி-டே’ என்பார்கள். துணி துவைப்பது, கடைக்குப் போவது, முடி வெட்டிக்கொள்வது, வீட்டைக் கூட்டுவது, வீட்டுக்கு எழுதுவது, பேசுவது எல்லாம் அன்றைக்கு. அதுவும் முழு நாள் கிடையாது. மாலை 6 மணிக்கு டையைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட வேண்டும். பிலிப்பைன்ஸ் நேரம் நமக்கு 15 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அரிசோனாவில் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற வேலை இல்லாததால் வருஷம் முழுக்க அதே 15 தான். அவனுக்குத் திங்கள் காலை 9 மணி என்றால் உங்களுக்கு ஞாயிறு மாலை 6. அந்த நேரத்தைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2019 பிப்ரவரிக்கு முன்னால் இந்த ஏற்பாடு இல்லை. வாரம் ஒரு மின்னஞ்சல். வருஷத்துக்கு இரண்டே முறை போன், அன்னையர் தினமும் கிறிஸ்துமஸும். அந்த இரண்டு அழைப்புகளுக்காகவே வருஷத்தைக் கழித்த தாய்மார்களை எனக்குத் தெரியும். இப்போது வாராவாரம் வீடியோவிலேயே பேசலாம். அழைப்பு அவனிடமிருந்து வர வேண்டும், நீங்களாகக் கூப்பிடக் கூடாது. பெற்றோர் பிறந்தநாள் மாதிரியான நாட்களிலும் பேசலாம். ஆக, பேச விடுவார்களா என்றால், விடுவார்கள். இந்தப் பக்கம் எடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

செவ்வாய் முதல் சனி வரை ஏறக்குறைய ஒரே அச்சு. காலை 6:30-க்கு எழுந்திருப்பது, அரை மணி உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, பிறகு தனியாக வேதம் படிப்பது, ஜோடியாகப் படிப்பது, மொழி படிப்பது. செபுவில் பேசுவது தகாலோக் அல்ல, செபுவானோ. ஊர்க்காரர்கள் ‘பிசாயா’ என்பார்கள். அதன் பிறகு தெரு. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை. நடந்தோ, ஜீப்னியிலோ, ட்ரைசிக்கிளிலோ வீடு வீடாகப் போவது, ஏற்கெனவே பேசிவைத்தவர்களுக்குப் பாடம் எடுப்பது, சபைக்கு வராமல் நின்றுபோனவர்களைப் பார்ப்பது, நடுவில் யார் வீட்டுக்காவது மரம் வெட்டியோ மண் சுமந்தோ உதவுவது. இரவு 9 மணி வாக்கில் அறைக்குத் திரும்பி, மறுநாளைத் திட்டமிட்டு, 10:30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். காதல், சினிமா, நீச்சல் எதுவும் கிடையாது. சம்பளமும் கிடையாது; மாதாமாதம் ஒரு தொகையை மிஷனரியோ அவன் குடும்பமோ கட்ட வேண்டும். முடியாவிட்டால் உள்ளூர்ச் சபையார் சேர்ந்து கட்டுவார்கள். “ஒரு டாலர் தரமாட்டேன்” என்று உங்கள் கணவர் சொன்னால் அது அவர் உரிமை. அதில் தப்பில்லை.

ஞாயிறு அவர்களுக்குத் தேர்வு முடிவு வருகிற நாள் மாதிரி. வாரம் முழுக்கப் பேசியவர்களில் எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். பிலிப்பைன்ஸ் கத்தோலிக்க நாடு. மனிதர்கள் அன்பானவர்கள், உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தின்னக் கொடுத்து, கட்டாயம் வருகிறேன் என்று சொல்லுவார்கள். வரமாட்டார்கள். கதவைச் சாத்துகிற ஊரைவிட இது ஒருவகையில் கஷ்டம் என்று திரும்பி வந்த பிள்ளைகள் சொல்வார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம் வேறு.

அந்தத் தீவுகளில் இருந்துவிட்டு வந்த, இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பையன் என்னிடம் ஒன்று சொன்னான். உங்கள் மகனுக்கும் இது நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன். முதல் வாரம் ஒரு சந்துக்குள் நுழைந்திருக்கிறான். கூட வந்தவன் வெள்ளைக்காரப் பையன், அவனைப் பார்த்துப் பிள்ளைகள் “ஹே ஜோ!” என்று கத்தியிருக்கிறார்கள். இவனைப் பார்த்ததும் ஒரு குழந்தை “பும்பாய்!” என்று அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடியிருக்கிறது. பெட்டிக்கடைக்காரம்மா சரசரவென்று உள்ளே போய்விட்டாராம். பும்பாய் என்றால் பம்பாய்க்காரன், அதாவது இந்தியன். அங்கே மோட்டார் சைக்கிளில் வசூலுக்கு வரும் வட்டிக்காரர்களில் இந்தியர்கள், குறிப்பாகப் பஞ்சாபிகள், நிறைய. ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும் என்பதால் அந்தக் கடனுக்கே ‘ஃபைவ்-சிக்ஸ்’ என்று பெயர். சாப்பிடாத குழந்தையை “பும்பாய் வந்து பிடிச்சுட்டுப் போயிடுவான்” என்று மிரட்டுவார்கள், நாம் பூச்சாண்டி சொல்கிற மாதிரி. பரலோகத்தைப் பற்றிப் பேசப் போனவனைக் கந்துவட்டிக்காரன் என்று நினைத்துக் கதவைத் தாழ் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் இது அவனை உறுத்தியதாம். பிறகு அவனே கதவைத் தட்டி, “இன்று வட்டி வேண்டாம்” என்று பிசாயாவில் சொல்லக் கற்றுக்கொண்டான். அந்தத் தெருவில் அவனுக்குத்தான் கதவு அதிகம் திறந்தது.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. மிஷனரிகள் எப்போதும் இருவராகத்தான் இருப்பார்கள். கூட இருப்பவனைக் ‘கம்பானியன்’ என்பார்கள். அவன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. குளியலறையைத் தவிர வேறெங்கும் தனிமை இல்லை. அவனை இவன் தேர்ந்தெடுக்கவும் முடியாது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றல் வரும். அதில் ஆள் மாறலாம், ஊர் மாறலாம், இரண்டும் மாறலாம். இரண்டு வருஷத்தில் அப்படிப் பதினேழு முறை. நன்றாக ஒத்துப்போகிறவன் அமைந்தால் வாழ்நாள் சிநேகிதம். அமையாவிட்டால், குறட்டை விடுகிற, பாத்திரம் கழுவாத, நம்மை மேலிடத்தில் சொல்லிவிடுவானோ என்று பயப்பட வேண்டிய ஒருவனோடு 42 நாள். வாரம் ஒருமுறை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மனத்தாங்கலைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று ஏற்பாடே உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 20 வயதுப் பையன்களில் எத்தனை பேர் அதை நேர்மையாகச் செய்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு மாலை அழைப்பின்போதும் கம்பானியன் அதே அறையில்தான் இருப்பான். அதனால்தான் சொல்கிறேன்: தமிழில் பேசுங்கள். உங்கள் வீட்டில் நீங்கள் தமிழில் கேட்க, அவன் இங்கிலீஷில் பதில் சொல்லுகிற பழக்கம் இருக்கும். சாண்ட்லரில் எல்லா வீடும் அப்படித்தான். கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. அவனுடைய அரைகுறைத் தமிழைத் திருத்தாமல், சிரிக்காமல் பேச விடுங்கள். அந்த இரண்டு வருஷத்தில் அவனுக்கென்று ஒரு தனி அறை இருக்குமானால் அது தமிழ்தான். இங்கிலீஷில் “ஐ ஆம் குட்” என்று சொல்லிக்கொண்டே, தமிழில் “தூக்கம் வரலைம்மா” என்று சொல்ல முடிகிற பிள்ளை பாதி தப்பித்த மாதிரி.

பேசும்போது வேதம் பற்றித் தர்க்கம் வேண்டாம். அதற்கு அவன் வாரம் முழுக்கப் பயிற்சி எடுக்கிறான், நீங்கள் ஜெயிக்கமாட்டீர்கள். “எத்தனை பேரை மாத்தினே?” என்றும் கேட்காதீர்கள். புதிதாக எத்தனை பேருக்குக் கற்பிக்கிறார்கள், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு ஞானஸ்நானத் தேதி குறித்தார்கள் என்று ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கை மேலே போகிறது. நம் பிள்ளைகள் எண்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள். தொண்ணூற்றெட்டு வாங்கினால் அந்த இரண்டு எங்கே போனது என்று கேட்டவர்கள் நாம்தானே. அங்கேயும் அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு உருகிப்போகிற பையன்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நீங்கள் கேட்க வேண்டியது: மழையில் துணி காய்ந்ததா? கூட இருப்பவன் எந்த ஊர்? யார் சமைக்கிறீர்கள்? செருப்பு கடிக்கிறதா?

சமையல் என்றதும் நினைவு வருகிறது. அது சாதம் சாப்பிடுகிற நாடு, அந்தக் கவலை வேண்டாம். செபு பக்கம் சோளக் குருணையையும் சாதமாக வடித்துச் சாப்பிடுவார்கள். கிளம்புவதற்குள் ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். புளி அங்கே கிடைக்கும். சினிகாங் என்று அவர்களே புளி கரைத்து ஒன்று வைக்கிறார்கள். காபியை அவன் விட்டது விட்டதுதான். காபி, டீ, மது, புகையிலை நான்கும் அவர்களுக்கு ஆகாது; 1833-லிருந்து வருகிற விதி. ஆனால் அந்த ஊர் சலாபத், நம் இஞ்சிக் கஷாயம், குடிக்கலாம். மாம்பழத்துக்குப் பேர்போன இடம் செபு. அவர்கள் அதை ‘மங்கா’ என்பார்கள். நம் மாங்காய்தான் மலாய் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. மாமியாரிடம் விஷயத்தைச் சொல்லும்போது இங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் சொல்லிவிடுங்கள். “வேலை விஷயமாப் போயிருக்கான்” என்று பொய் சொன்னால், பாட்டியோடு வீடியோவில் பேசும்போது அவன் நெஞ்சில் இருக்கிற பட்டையை எதைக் கொண்டு மறைப்பீர்கள்?

மூளைச்சலவையா என்று கேட்டீர்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவரை நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சாமி என்கிறோம். கறுப்பு வேட்டி, விடியற்காலைக் குளியல், தரையில் படுக்கை, ஒரு குருசாமி. 41 நாளைக்கு அவர் வேறு ஆள். அவரை யாரும் மூளைச்சலவை என்று சொல்வதில்லை. உங்கள் மகன் போடுவதும் ஒரு மாலைதான். ஆனால் 41 நாளுக்கும் 730 நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சின்னதாக்கமாட்டேன். சாமி சாயந்திரம் ஆனால் தன் வீட்டுக்கு வருகிறார்; இவன் கடல் தாண்டி இருக்கிறான். அதனால்தான் அழைப்பை எடுங்கள் என்று மன்றாடுகிறேன். வீட்டுக் கதவு மூடினால் அவனுக்குச் சபை மட்டுமே வீடாகிவிடும். உங்கள் கணவர் பயப்படுவது எதுவோ, அதை அவர் கையாலேயே செய்ததாகிவிடும். (இன்னொன்று: வீட்டில் ‘மார்மன்’ என்று சொல்லும்போது அவன் முகம் சுளித்தால் ஆச்சரியப்படாதீர்கள். 2018-லிருந்து அந்தப் பெயர் வேண்டாம், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று அவர்கள் தலைமை கேட்டுக்கொண்டிருக்கிறது. மூச்சு வாங்கும் பெயர்தான்.)

தடுக்க முடியாது. வயது வந்தவன். கார் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டுவதும், படிப்புக்குப் பணம் கட்டமாட்டேன் என்று மிரட்டுவதும் நான் பார்த்தவரை பயணத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட்டதில்லை. அதற்குப் பதில் ஒரு பெற்றோர் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பல்கலைக்கழகத்தில் இடமும் உதவித்தொகையும் இரண்டு வருஷம் காத்திருக்குமா என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். 26 வயது வரை உங்கள் மருத்துவக் காப்பீட்டில் அவனை வைத்திருக்கலாம், எடுத்துவிடாதீர்கள். அவனிடம் இருப்பது கிரீன் கார்டா, குடியுரிமையா என்று நீங்கள் எழுதவில்லை. கிரீன் கார்டு என்றால், ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருக்க மறுநுழைவு அனுமதி வேண்டும். அதற்கு இந்த நாட்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். நாளைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். கோபத்தில் இருக்கிற அப்பாக்களுக்கு இந்த மாதிரிக் காகித வேலை நல்ல மருந்து, பேசாமலே செய்யலாம்.

கிளம்புவதற்கு முன் அவன் அவர்களுடைய கோவிலுக்குப் போவான், ஒருவேளை உங்கள் பக்கத்து ஊரான கில்பர்ட்டில் இருப்பதற்கு. அன்று நீங்கள் உள்ளே போக முடியாது. சபையார்களிலும் அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்தான் இடம். அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கருவறைக்குள் யார் போகலாம் என்று நம் ஊரிலும் விதி உண்டு. ஆனால் ஊழியத்துக்கென்று கைவைத்து அவனை ஒப்புக்கொடுக்கும் சடங்கு ஒன்று உண்டு. அதை உள்ளூர்த் தலைவர் ஒருவர் செய்வார், பெற்றோர் எந்த மதமானாலும் கூட இருக்கலாம். சில நிமிஷ வேலை. போய் உட்காருங்கள். அங்கே உங்களிடம் யாராவது மதம் பேச வந்தால், “இன்னிக்கு வேண்டாம், என் பிள்ளை கிளம்பறான்” என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு வாரம் அழுவான், அது நோய் அல்ல. மிஷனரிகளுக்குச் சபையே ஒரு கையேடு கொடுக்கிறது. அதில் மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் படித்துவைக்கச் சொல்லுங்கள், “இன்னிக்கு என்ன கலர்?” என்று மட்டும் கேளுங்கள். மூன்று நான்கு வாரம் தொடர்ந்து ஆரஞ்சு என்றால், தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எல்லாம் என் தப்பு என்றே பேசுகிறான் என்றால், காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு மிஷனுக்கும் ஒரு தலைவரும் அவர் மனைவியும் பொறுப்பில் இருப்பார்கள், பெரும்பாலும் உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள். அந்த அலுவலக எண்ணை வாங்கி இப்போதே ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்து, அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள். ஆலோசகரிடம் பேச அவர்களுக்கும் ஏற்பாடு உண்டு. பாதியில் திரும்புவதும் குற்றமல்ல, ஆனால் சபைக்குடும்பங்களில் அப்படித் திரும்பிய பிள்ளைகள் தலை நிமிர வருஷமாகும். உங்களிடம் அந்தச் சுமை இல்லை. “எப்ப வேணா வா, ஏன்னு கேக்கமாட்டோம்” என்று கிளம்பும்போது ஒரே ஒரு முறை சொல்லுங்கள். வாராவாரம் சொன்னால் அது அழைப்பு இல்லை, தூண்டில்.

கடைசியாக உங்கள் கணவருக்கு ஒரு விஷயம். இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அந்த இரண்டு வருஷம் உங்கள் மகனை யாரும் அவன் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள். ‘எல்டர்’ என்று சொல்லிக் கடைசிப் பெயரைச் சேர்ப்பார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அது குலப்பெயர். நம் பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயர் எது? பள்ளியில் சேர்த்தபோது அந்தக் கட்டத்தில் நீங்கள் நிரப்பியது உங்கள் கணவர் பெயரைத்தானே? அதுதான் அந்தக் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் இருக்கும். செபு சந்துகளில் முன்பின் தெரியாத மீன்காரம்மாவும் ட்ரைசிக்கிள்காரரும் உங்கள் மகனைக் காலையிலிருந்து இரவு வரை அவன் அப்பா பெயரால்தான் கூப்பிடப்போகிறார்கள், அதையும் தப்பும் தவறுமாக உச்சரித்து.

ஞாயிறு மாலை 6 மணிக்குப் போனைக் கூடத்தில், அவர் வழக்கமாக உட்கார்ந்து செய்தி பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். எடுக்கச் சொல்ல வேண்டாம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, “அடுப்பில் பால் இருக்கு” என்று உள்ளே போய்விடுங்கள்.